மூன்றாவது கம்பி

அத்தியாயம் ஆறு

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அபஸ்வரத்துக்கு ஜோக் வரும். அந்த மத்தியானம் கிடார் ரிப்பேர் கடைக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வழியெல்லாம் ஜோக்காகக் கொட்டித் தீர்த்திருந்தான். பின்சீட்டிலிருந்த டீச்சர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

"டீச்சர், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஸ்கூட்டரை யாருக்கும் குடுத்துடாதீங்க. பிரேக் கிடையாது. அப்புறம் அதுவே ஒரு கொலைக் கேஸ் ஆயிடும்."

"ஒண்ணும் ஆகாது. ஒரு கேள்வி கேட்கப் போறோம், பதில் வாங்கிட்டு வரப் போறோம்."

"அப்ப ஏன் ஹேண்ட்பேக்கை இந்தப் பிடி பிடிச்சிருக்கீங்க?"

டீச்சர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு இறங்கினார். டீச்சர் என்றால் இப்போது யாருக்கும் பாடம் எடுப்பவர் இல்லை. ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துப் பழகி, அதையே பிழைப்பாக்கிக்கொண்டு துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். அபஸ்வரம் அந்த ஆபீஸின் ஒரே சிப்பந்தி. முன்பு ஓர் இசைக்குழுவில் கிடார் வாசித்தவன். காது தங்கம், விரல் தகரம் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஹேண்ட்பேக்கில் இருந்தது ஓர் இன்ஹேலர். காலையில் சின்னவளின் அம்மா டீச்சர் கையில் திணித்தது.

வீட்டுக்கு இளையவள், அதனால் எல்லோருக்கும் அவள் சின்னவள். மேடைகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவள். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒத்திகை என்று கிளம்பினாள். ஒத்திகைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அவளுடைய கிடார் ஒத்திகை ஹாலிலேயே பூட்டிக் கிடந்தது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் அம்மாவின் போனுக்கு அவள் குரலில் ஒரு செய்தி வரும். "அம்மா, நான் நல்லா இருக்கேன். கொஞ்ச நாள் தனியா இருக்கணும்போல இருக்கு. தேடாதீங்க." பிறகு ஏதோ ஒரு கிடாரில் சில தட்டுகள். உடனே அவள் போன் அணைந்துவிடும். போலீஸ் அதைக் கேட்டுவிட்டு, "விவரம் தெரிஞ்ச பொண்ணு, தானா போயிருக்கா, தானா வருவா" என்று கையைக் கழுவிவிட்டது.

ஆனால் அன்று காலை வந்த செய்தியில் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விசிலடித்தது. சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தூசி பட்டாலும் பெயிண்ட் வாசனை பட்டாலும் இழுக்கும். "பக்கத்துத் தெருதானேன்னு எடுக்காம போனா. எங்கயாவது தங்கப் போறவ இதை விட்டுட்டுப் போவாளா? செருப்பைக்கூட மறப்பா, இதை மறக்க மாட்டா. இன்னும் ஒரு நாள் இப்படியே விட்டா என் பொண்ணு இருக்க மாட்டா" என்றாள் அந்தம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதிருந்தால்கூட அபஸ்வரத்துக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். அந்த வறண்ட கண்கள் அவனை உலுக்கிவிட்டன.

செய்திகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டதும் துப்புக் கிடைத்தது அவன் காதுக்குத்தான்.

"டீச்சர், எல்லாத்துலயும் மூணாவது கம்பி மயிரிழை எறக்கம்."

"கம்பின்னா எறங்கத்தானேடா செய்யும்?"

"எறங்கும். ஆனா இஷ்டத்துக்கு எறங்கும். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு வேற ஒண்ணு. இங்க தினமும் அதே கம்பி, அதே அளவு. மத்ததெல்லாம் ஜம்முனு நிக்குது."

டீச்சர் பேனாவை மூடினார். "அப்ப அது எறங்கல. யாரோ எறக்குறாங்க. தினமும் காலையில."

"சின்னவ எறக்க மாட்டா. அவ போன்ல சுருதி பாக்குற மீட்டர் பச்சை காட்டினாத்தான் வாசிப்பா, ஊருக்கே தெரியும்."

"எதுக்கு எறக்கணும்?"

அபஸ்வரம் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னான். எந்த கிடாரும் முழுசாகச் சுருதி சேராது. கழுத்தில் பதித்திருக்கும் கட்டைகளின் கணக்கு அப்படி. கீழே கம்பி உட்காரும் திருகுகளை முன்னே பின்னே தள்ளி ஓரளவு சரிக்கட்டலாம், அதற்கு மேல் முடியாது. அதனால் தப்பை எல்லாக் கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு வைப்பார்கள். யாருக்கும் பெரிதாக வலிக்காது. மூன்றாவது கம்பியை மட்டும் மயிரிழை இறக்கினால், ஈ என்கிற கூட்டு ஒலி, அதாவது கார்டு, அமிர்தமாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக டி என்கிற இன்னொன்று பல்லைக் கூசும்.

"செய்தியில எது வருது?"

"ஈ, ஈ, ஈன்னு வரும். கடைசியில ஒரே ஒரு டி. தினமும். காது கொடுத்துக் கேட்க முடியல."

"இப்படி ட்யூன் பண்றது யாருன்னு யாரைக் கேட்டாத் தெரியும்?"

"கிடார் ரிப்பேர் மாஸ்டரைத்தான். இந்த ஏரியா கிடார்ல பாதி அவர் கைக்குப் போய்த்தான் வரும்."

அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

கடை நீளமாக, சுத்தமாக இருந்தது. சுவர் நெடுக கிடார்கள் கழுத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கின. அபஸ்வரத்துக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. நீள மேஜையின் ஓரத்தில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்று சூடாகிக்கொண்டிருந்தது. பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனை மூக்கைத் துளைத்தது. கடைசியில் மூடிய கதவு. அதற்கு அப்பால் கம்ப்ரசர் மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள பெயிண்ட் வேலை போகுது, மேடம். இங்கயே உட்காருங்க." மாஸ்டர் மெலிந்த மனிதர். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். குரலில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு மெதுமை.

டீச்சர் போனை நீட்டினார். சின்னவளின் குரல், அந்த விசில் மூச்சு, பிறகு கிடார். மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசித் தட்டு வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பழைய கம்பி, மேடம். எறங்கியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"தினமும் ஒரே அளவாவா எறங்கும்?"

"பழைய கம்பின்னா அப்படித்தான்."

அபஸ்வரம் வாயைத் திறந்தான். டீச்சரின் செருப்பு அவன் கால் விரலை மிதித்தது. மூடிக்கொண்டான். கிடார் வாங்கி ஒரு வாரம் ஆன பொடியன்கூட இப்படிச் சொல்ல மாட்டானே. இவர் ஏன் சொல்கிறார்?

"எனக்கு இந்தச் சமாச்சாரமே மண்டையில ஏறல, மாஸ்டர்" என்றார் டீச்சர் அப்பாவியாக. "டேய், ஒரு கிடாரை எடுத்து ட்யூன் பண்ணிக் காட்டேன். போன்ல பண்ணுவியே."

கொக்கியிலிருந்து ஒன்றை இறக்கினான். ஆம்ப்ளிஃபயரில் செருகினான். போனை மேஜையில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் திருகினான். எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு வந்தது. ஈ-யைத் தட்டினான். எல்லா கிடாரையும் போல, கொஞ்சம் கரகரப்போடு, நன்றாகவே இருந்தது.

மாஸ்டர் முகம் சோற்றில் கல் கடித்த மாதிரி கோணியது.

"மெஷின் சொன்னா காது ஒத்துக்கணுமா, தம்பி? குடு இங்க."

வாங்கினார். பார்க்கவே இல்லை. கை தானாக மேலே போனது; மூன்றாவது திருகைத் தொட்டு, இருந்தும் இல்லாமலும் ஓர் அசைப்புக் கீழே. பிறகு ஈ.

அறை முழுக்கத் தித்திப்பு பரவியது. அப்படி ஒரு சுத்தம். அபஸ்வரத்தின் காது உடனே அடையாளம் கண்டுகொண்டது. இன்று காலை கேட்டது இதுதான். நேற்று கேட்டதும் இதுதான். கேள்வி கேட்க வந்த இடத்தில், கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"இப்ப எப்படி?" என்றார் மாஸ்டர்.

"பிரமாதம்" என்றான். குரல் அவனுடையதாக இல்லை.

டீச்சர் கொட்டாவி விட்டார். நிஜமாகவே கொட்டாவி. சுருதி ஞானம் பூஜ்யம் என்று தானே சொல்லிக்கொள்ளும் மனுஷி; அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். எப்படிச் சொல்வது? கண்ணைக் காட்டினான். அவர் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பார்த்து, "அடடா, ஒரு கால் வருது. பேசிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

"டீச்சர், நானும்..."

"நீ இரு. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே இரு. சத்தமா வாசி. மாஸ்டர் கேட்டு ரெண்டு திருத்தம் சொல்லட்டும்."

போய்விட்டார். அபஸ்வரம் தனியாக நின்றான். டீச்சர் மேல் அவனுக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

மாஸ்டர் கிடாரை நீட்டினார். "வாசி, தம்பி."

ஈ-யைத் தட்டினான். திரும்ப ஈ. தாளத்தை மாற்றி ஈ. மெதுவாக ஈ. வேகமாக ஈ. ஓடிவிடலாமா? ஓடினால் உள்ளே இருப்பவள் கதி? உள்ளேதான் இருக்கிறாளா? அந்த மூடிய கதவைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பார்த்துத் தொலைத்தான்.

மாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போனார். ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். தெருவெளிச்சம் கால்மட்டத்துக்கு ஒரு பட்டையாகச் சுருங்கியது.

"வெயில் அடிக்குது" என்றார். அந்தப் பக்கம் நிழல்தான் இருந்தது.

"ஆமா மாஸ்டர், நல்ல வெயில். எனக்கே சன்ஸ்ட்ரோக் வந்துடும்போல இருக்கு."

"ஒண்ணு கேட்கவா, தம்பி? பசங்க கையில கிடாரைக் குடுத்தா ஈ, ஏ, டின்னு ஓடுவாங்க. நீ ஈ-யிலயே நிக்கிறியே."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதனாலதான் பேண்ட்ல இருந்து தொரத்துனாங்க."

"ட்யூன் பண்ணப்ப பாத்தேன். பழகின கை." மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். முழங்கால் முழங்காலை இடித்தது. "டி-யைத் தட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். அதான் அந்தப் பக்கமே போக மாட்டேங்குற. அது தெரியாத பையன் இந்நேரம் தட்டிட்டு மூஞ்சியைச் சுளிச்சிருப்பான்."

பயந்துபோய் எதை மறைத்தானோ, அதுவே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இருந்தாலும் அபஸ்வரத்தின் விரல் நிற்கவில்லை. வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனார் டீச்சர். வாசித்தான். ஈ. ஈ. ஈ.

"எல்லார் முன்னாடியும் சொன்னா" என்றார் மாஸ்டர். யாரென்று சொல்லவில்லை. "மாஸ்டர் தொட்ட கிடார் ஒரே ஒரு கார்டுக்குத்தான் லாயக்குன்னு. என் கண்ணு முன்னாடியே மீட்டர் வச்சுத் திருகி மாத்தினா. மத்தவங்களும் அப்படியே மாத்திக்கிட்டாங்க. இத்தனை வருஷம் நான் கேட்டது தப்பாம்."

"கோபம் வரும்தான், மாஸ்டர். நியாயம்தான்."

"கோபமா? நான் கை ஓங்கினேனா? சாப்பாடு போடறேன், படுக்கை போட்டிருக்கேன். கேட்க வைக்கிறேன், அவ்வளவுதான். தினமும் கேட்டா காது தானா திருந்தும். அப்புறம் அவளே போய் ஊருக்குச் சொல்லுவா."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அதே குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

அப்போது உள்ளே கம்ப்ரசர் டப் என்று நின்றது.

காற்று நிரம்பினால் அது தானாக நிற்கும் சாதனம்தான். அந்த நிசப்தத்தில் அபஸ்வரத்தின் கையும் நின்றுபோனது. மூடிய கதவுக்கு அப்பாலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. ஓர் இழுப்பு, ஒரு விசில். பிறகு எதுவுமே இல்லை. மறுபடி ஓர் இழுப்பு.

"பெயிண்ட் ரூம்ல காத்து கொஞ்சம் போதல" என்றார் மாஸ்டர் வருத்தமாக. "நாளைக்கு இடம் மாத்தணும்னு இருந்தேன்."

கையை நீட்டி சால்டரிங் அயர்னை எடுத்தார். முனை லேசாகப் புகைந்தது. "நீயும் கொஞ்ச நாள் கேளு, தம்பி. உனக்கு நல்ல காது."

அபஸ்வரம் வீரன் இல்லை. கரப்பான்பூச்சி பறந்தால் ஆபீஸை விட்டே ஓடுகிறவன். அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசி வரை திருகினான். மொத்த பயத்தையும் விரலில் வைத்து டி-யைத் தட்டினான்.

சுவரில் தொங்கிய கிடார்கள் எல்லாம் அதிர்ந்தன. ஒட்டவும் மாட்டேன் விலகவும் மாட்டேன் என்று இரண்டு ஸ்வரங்கள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டு, வாவ் வாவ் வாவ் என்று அறை முழுக்க ஊளையிட்டன. மாஸ்டரின் முகம் சுருங்கியது. "நிறுத்து!" என்று கத்தினார். முதல் தடவையாகக் கத்தினார். அபஸ்வரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி தட்டினான். மறுபடி. மறுபடி. கன்னத்தில் சூடு படப்போகிறது, இதோ படப்போகிறது என்று காத்திருந்தான்.

படவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மாஸ்டருக்கு அவனைவிட அந்தச் சத்தம்தான் பெரிய எதிரியாக இருந்தது. அயர்னைக் கீழே போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குனிந்து ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெயிண்ட் ரூம் கதவு படாரென்று திறந்தது. தெருமுனையில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலர், வாயில் விசிலோடு உள்ளே பாய்ந்தார். குனிந்தவரைக் குனிந்தபடியே அமுக்கினார். அவருக்குப் பின்னால் டீச்சரின் குரல் கேட்டது.

"டேய், போதும்டா. காது கிழியுது. இங்க வந்து பிடி."

பின்பக்கச் சந்தில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் சின்னவளை உட்காரவைத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. டீச்சர் இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. அபஸ்வரம் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்தான். விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"இந்தச் சந்துக் கதவுப் பூட்டை உடைக்கிற சத்தம் கடைக்குள்ள கேட்கக் கூடாது பாரு. அதான் வாசிக்கச் சொன்னேன்" என்றார் டீச்சர்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? உங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாக் கேட்குமே!"

"எனக்குச் சத்தம் தெரியாதுடா. முகம் தெரியும். அவர் திருகினதும் உன் முகம் சாயம் போன துணி மாதிரி வெளுத்துது. மூக்குல பெயிண்ட் வாசனை வேற. அது போதாதா?"

"கண்ணைக் காட்டினேனே, பார்க்கவே இல்லையே நீங்க!"

"பார்த்திருந்தா அவரும் பார்த்திருப்பாரு."

சின்னவள் ஏதோ சொல்ல முயன்றாள். இருவரும் குனிந்தார்கள்.

"டி... வாசிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றான் அபஸ்வரம். "மன்னிச்சுக்கோங்க. ரொம்பக் கேவலமா இருந்திருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "ஈ மட்டும்தான் வாசிக்கணும்பான். அவனே ட்யூன் பண்ணிக் குடுப்பான். போன்ல ரெக்கார்ட் பட்டனை அவனே அமுக்கிப் பிடிச்சுப்பான். நான் கடைசியில டி-யைத் தட்டிடுவேன். அது கேட்டதும் அவன் விரல் தானா விட்டுடும். விட்டா அம்மாவுக்குப் போயிடும்." மூச்சு வாங்கினாள். "உங்க வீட்டுல யாருக்குக் காது இருக்கு, யாரு கேட்கப் போறாங்கன்னு சிரிப்பான். தினமும் தட்டினேன். இன்னைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ அதையே திருப்பித் தட்டினாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, கேட்டுட்டாங்கன்னு."

அபஸ்வரம் ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். ஒன்றுமே வரவில்லை. பயம் போய்விட்டது என்று அதிலிருந்துதான் அவனுக்குத் தெரிந்தது.

டீச்சர் போனைப் போட்டு, பேசாமல் அவள் காதில் வைத்தார். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா" என்றாள் சின்னவள். "நான் நல்லா இருக்கேன்."

ஒரு வாரமாகத் தினமும் கேட்ட அதே வார்த்தைகள்தான். இந்தத் தடவைதான் அந்தம்மா அழுதாள். சந்தில் இருந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி, வாய்விட்டு அழுதாள்.